ஒரே அட்டையில் நாலு மருந்து: சளி மாத்திரையும் மூக்குச் சொட்டும்

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. தினமும் சாப்பிடுகிறார். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கு ஒழுகல், இரவானால் மூக்கடைப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு வாரமாகக் காலையும் இரவும் போடுகிறார். மூக்கில் விடும் சொட்டு மருந்தை நாலு மாதமாக நிறுத்தவே இல்லை, அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்கிறார். உடம்பு வலி வந்தால் பாராசிட்டமால் 650 தனியாக. ஒரு வாரமாகச் சிறுநீர் முக்கி முக்கித்தான் போகிறது. பி.பி. 150/95 காட்டுகிறது. இதே மாத்திரையில் கால் பங்கை உடைத்து, சளி பிடித்திருக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா? அட்டையின் பின்புறம் இருப்பது: பாராசிட்டமால் 500 மி.கி., ஃபினைலெஃப்ரின் 10 மி.கி., குளோர்பெனிரமின் 2 மி.கி., காஃபின் 30 மி.கி. சொட்டு மருந்து: சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம்.
– ஒரு வாசகி, திருப்பூர்

மருந்தாளுநர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேத்திக்கு அந்த மாத்திரை வேண்டாம். கால் பங்கும் வேண்டாம், பொடித்துத் தேனில் குழைத்தும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அவசரமானது உங்கள் கணவரின் சிறுநீர்ப் பிரச்சினை.

சளி மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பலருக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியே இருக்கும். சிறுநீர் போகும் வழி ஏற்கெனவே குறுகியிருப்பது அவர்களுக்கே தெரியாது. குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தி, அது சுருங்கித் தள்ளும் வலுவைக் குறைக்கிறது. மூக்கடைப்புக்கான மருந்துகளோ பையின் வாய்ப்பகுதியை இறுக்கக்கூடியவை. தள்ளும் வலு குறைந்து, வாசலும் இறுகினால் முக்க வேண்டிவருகிறது. ப்ராஸ்டேட்டுக்கு மருத்துவர்கள் எழுதும் டாம்சுலோசின் அந்த வாசலைத் தளர்த்துவதற்காகவே தரப்படுவது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே மூக்கடைப்பு மாத்திரையும் போடுகிறவர்கள் நம்மூரில் குறைவில்லை.

குளோர்பெனிரமின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். பெரியவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாம். அதனால் நிறுத்தியபின் நிலைமை சீராக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சீரானாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி ப்ராஸ்டேட்டைப் பார்த்துவிடுங்கள். அதற்குள் ஆறேழு மணி நேரம் சிறுநீரே போகாமல் அடிவயிறு கல்லாக இறுகி வலித்தால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினால் உடனே நிம்மதி கிடைக்கும். போகிற வழியில் தண்ணீராகக் குடிக்கவைப்பது வலியைத்தான் கூட்டும்.

இனி அட்டைக்கு வருவோம். பின்புறத்தை எழுதி அனுப்பினீர்களே, பலர் செய்யாத வேலை அது. முன்புறம் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே பெயருக்குப் பின்னால் 'பிளஸ்', 'கோல்டு' என்று ஒரு வால் சேர்த்து, உள்ளே வேறு மருந்துகள் இருக்கும். 'நேற்று வாங்கிய அதே மாத்திரை' என்று கேட்டு வாங்கும்போதும் பின்புறத்தை ஒருதடவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அந்த நாலில் பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் வலிக்கும் உரியது. தும்மலுக்கும் அடைப்புக்கும் அதனால் பயனில்லை. குளோர்பெனிரமின் தரும் தூக்கத்தை ஈடுகட்டச் சேர்த்தது காஃபின். குளோர்பெனிரமின், ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுத்துத் தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றையும் குறைக்கும். ஆனால் அடைப்பை அது அவ்வளவாகத் தொடாது. அடைப்பு என்பது சளி நிறைந்து நிற்பது மட்டுமில்லை, மூக்கின் உள்சதையில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து வீங்கிக் கிடப்பது. அந்த வீக்கத்தை வற்றவைக்கத்தான் ஃபினைலெஃப்ரினைச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த ஃபினைலெஃப்ரின்தான் இருப்பதிலேயே வீண். மாத்திரையாக விழுங்கும்போது அதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்து, மூக்கை எட்டுவதற்குள் செயலற்றுவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஆதாரங்களை அலசி, வாய்வழி ஃபினைலெஃப்ரின் இந்த அளவில் மூக்கடைப்புக்குப் பலன் தருவதில்லை என்று ஒருமனதாக வாக்களித்தது. 2024 நவம்பரில் அந்த அமைப்பே, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கப் பரிந்துரை வெளியிட்டது. பாதுகாப்புக் காரணத்துக்காக அல்ல, பலன் இல்லை என்பதற்காக. நம் கடைகளில் சளி மாத்திரை என்று கேட்டால் கைக்கு வருவதில் பெரும்பாலானவற்றில் இது இன்னும் இருக்கிறது. 'போட்டால் கேட்கிறதே' என்று உங்கள் கணவர் சொன்னால், கேட்டது குளோர்பெனிரமினும் பாராசிட்டமாலும்தான்.

பலனில்லாத அளவில் இருக்கும் அது பி.பி.யையும் பெரிதாக ஏற்றாது என்றே பொதுவாக எதிர்பார்க்கலாம். ஆனாலும் பி.பி., இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவே சொல்வோம். பயனே இல்லாத ஒன்றுக்காகச் சிறிய ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? சூடோஎஃபெட்ரின் என்று அட்டையில் இருந்தால் கதை வேறு. அது மூக்கடைப்பில் வேலை செய்யும். பி.பி.யையும் நாடித்துடிப்பையும் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். பி.பி. உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. சில அட்டைகளில் பாராசிட்டமாலுக்குப் பதில் இபுபுரூஃபன் இருக்கும். அதுவும் பி.பி.யை ஏற்றும்.

150/95க்குச் சளி மாத்திரை மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. நாலு மாதச் சொட்டு மருந்தில் ஒரு பகுதி தொண்டை வழியே இறங்கி ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சரியாகத் தூங்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்தியபின் ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து குறித்து வையுங்கள். அம்லோடிபின் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.

பாராசிட்டமால் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. உச்ச வரம்பு. தினமும் மது அருந்துபவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், மிக மெலிந்தவர் ஆகியோருக்கு அதைவிடக் குறைவு. காலை, இரவு சளி மாத்திரையில் 1,000 போய்விடுகிறது. 650 மாத்திரை மூன்று போட்டால் 2,950. இதுவரை வரம்புக்குள்தான். சளி அதிகமான நாளில் சளி மாத்திரை மூன்று வேளை, 650 நாலு வேளை என்று ஆகிவிட்டால் 4,100. யாரும் திட்டமிட்டு இப்படிச் சாப்பிடுவதில்லை, இரண்டு அட்டையிலும் ஒரே மருந்து இருப்பது தெரியாததால் நடக்கிறது. அளவு மீறினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாது. கல்லீரல் பாதிப்பு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

தூக்கம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கத்தி ஓடும் மேஜையில் வேலை செய்கிறார், அநேகமாக இருசக்கர வண்டியில்தான் போவார். இரவு போட்ட குளோர்பெனிரமின் காலை எட்டு மணிக்கும் உடம்பில் இருக்கிறது. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்கிறவருக்கும் அனிச்சை வேகம் குறைந்திருக்கும். அரிப்புக்கு நம் ஊரில் கைமருந்தாகிவிட்ட அவில் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மது, தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றோடு இவற்றைச் சேர்ப்பது மூச்சையே மந்தமாக்கலாம். 65 வயது தாண்டியவர்களுக்கு இந்தப் பழைய வகை மருந்துகள் குழப்பம், மலச்சிக்கல், நிலைதடுமாறி விழுதல் என்று வேறு வழிகளிலும் தொல்லை தரும்.

அடுத்து சொட்டு மருந்து. இதை விடுவதுதான் உங்கள் கணவருக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

சைலோமெட்டாசோலினும் ஆக்ஸிமெட்டாசோலினும் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சில நிமிடங்களில் சுருக்கி, மணிக்கணக்கில் திறந்து வைக்கும். சளி பிடித்த முதல் மூன்று நாலு இரவுக்கு அருமையான மருந்து. ஒரு வாரத்துக்குமேல் போகும்போது குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. அந்த வீக்கத்துக்கு மறுபடி சொட்டு. ஆரம்பத்தில் வந்த சளியோ ஒவ்வாமையோ எப்போதோ போய்விட்டிருக்கலாம், இப்போது மூக்கை அடைப்பது சொட்டு மருந்தேதான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது, பாட்டில் பையிலேயே இருக்கிறது என்றால் அநேகமாக இந்த நிலைதான்.

நிறுத்தும் முன் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருமுறை உள்ளே பார்க்கட்டும். சதை வளர்ச்சியோ, நடுச்சுவர் கோணலோ இருந்தால் அதற்கு வழி வேறு. ஒன்றும் இல்லையென்றால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதித் தருவார். ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பலர் வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிடுகிறார்கள். மாத்திரை ஸ்டீராய்டு போல உடம்பு முழுக்கப் போவதில்லை இது. மைக்ரோகிராம் கணக்கில் மூக்குக்குள்ளேயே வேலை செய்கிறது. ஃப்ளூட்டிகசோன் ஃபியூரோயேட் ஒரு அழுத்தலுக்கு 27.5 மைக்ரோகிராம்தான். பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் ஒவ்வொரு துளையிலும் தினம் ஒருவேளை இரண்டு அழுத்தல் என்பது வழக்கமான அளவு.

இதன் குறை என்னவென்றால் சொட்டு மருந்து போல உடனே கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'வேலைக்கு ஆகாது' என்று தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். அதனால் ஸ்பிரேயை ஆரம்பித்து நாலைந்து நாள் கழித்துச் சொட்டு மருந்தை ஒரு மூக்கில் மட்டும் நிறுத்துங்கள், உதாரணமாக வலது பக்கம். இடது பக்கம் இரவில் மட்டும் வழக்கம்போல விடலாம். வலது பக்கம் முதல் மூன்று நாலு நாள் கெட்டியாக அடைத்துக்கொள்ளும், பிறகு இளகும். அது தானாகத் திறந்து மூடும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். வந்ததும் இடது பக்கத்தையும் நிறுத்துங்கள். ஒரு பக்கம் எப்போதும் திறந்திருப்பதால் இரவு தூங்க முடியும், மனமும் தளராது. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துவதும் சரிதான், பாதிப் பேர் மூன்றாவது இரவில் பாட்டிலைத் தேடுவார்கள் என்பதுதான் சிக்கல். அந்த நாட்களில் தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுப்பது உதவும்.

ஸ்பிரே அடிக்கும் முறை தவறினால் ரத்தம் கசியும், மருந்தும் வீணாகும். புது பாட்டிலைக் குலுக்கி, நல்ல பனி வரும்வரை காற்றில் சில முறை அழுத்துங்கள். மூக்கைச் சிந்திவிட்டுத் தலையைச் சற்று முன்னால் குனிய வேண்டும், அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளியோரத்தை நோக்கி இருக்கும். மெதுவாக மூச்சை இழுத்தபடி அழுத்துங்கள், பொடி போடுவதுபோல் உறிஞ்ச வேண்டாம். அடித்தபின் பத்து நிமிடம் சிந்தாமல் இருந்தால் போதும்.

கட்டிங் பிரிவில் பஞ்சுத் தூசி இருக்கத்தான் செய்யும். வேலை முடிந்து வந்ததும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல உதவி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒன்றரை தேக்கரண்டி. எரிச்சல் இருந்தால் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ நேராகக் கூடாது. மூக்கு வழியே மூளைக்குப் போகும் அமீபா அரிதுதான், வந்தால் பிழைப்பது கடினம். கழுவிய பிறகு ஸ்பிரே அடியுங்கள், வரிசை மாறினால் மருந்தும் சேர்ந்து வழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையிலும் தும்மல் வெகுவாகக் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் காரணம் வேலையிடம். அதோடு நெஞ்சிறுக்கமோ இளைப்போ இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தும்மலும் ஒழுகலும் மட்டும் நின்றால் போதும் என்ற நாட்களுக்கு ஒரே மருந்து உள்ள மாத்திரை போதும். தூக்கம் குறைவாகத் தருபவை: செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5, லோரடடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் 120. நாளைக்கு ஒன்று. இவற்றில் செட்டிரிசின் வகை சிலருக்குத் தூக்கம் தரும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். உங்கள் கணவரின் வேலையையும் சிறுநீர்ப் பிரச்சினையையும் பார்த்தால் ஃபெக்ஸோஃபெனடினோ லோரடடினோ பொருந்தும். எதுவானாலும் ப்ராஸ்டேட் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஃபெக்ஸோஃபெனடினை வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு குடித்தால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் குடித்தால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் தும்மல் நிற்கவில்லை என்று கடையில் சொன்னால், அடுத்ததாகக் கைக்கு வரக்கூடியது லெவோசெட்டிரிசினும் மான்டெலுகாஸ்டும் கலந்த மாத்திரை. மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை தரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க அமைப்பு தனது மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் என்பது அதன் அறிவுரை. ஆஸ்துமாவும் இருந்தால் மருத்துவர் காரணத்தோடு எழுதுவார், அது வேறு. இன்னொன்று: செட்டிரிசினையோ லெவோசெட்டிரிசினையோ மாதக்கணக்கில் தினமும் போட்டு நிறுத்துபவர்களில் சிலருக்கு, அரிதாக, ஓரிரு நாளில் கடுமையான அரிப்பு வரலாம். ஒவ்வாமை திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். இப்படி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி பேத்தி. குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை அட்டையிலும் பாட்டிலிலும் அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. சிறு குழந்தைகளுக்கு இந்த மருந்துகளால் சளி சீக்கிரம் குணமாவதில்லை. மாறாக அதீதத் தூக்கம், சிலருக்கு நேர்மாறாகப் பதற்றம், வேகமான இதயத் துடிப்பு என்று வரக்கூடும். கையால் உடைத்த கால் பங்கில் எவ்வளவு மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது.

அவளுக்கு வேண்டியது உப்பு நீர்ச் சொட்டு. கடையில் கிடைக்கும் 0.9 சதவீதச் சொட்டை, சாப்பிடும் முன்பும் படுக்கும் முன்பும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று சொட்டு. இருமலுக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் சிரப், எடைக்கு ஏற்ப ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். 14 கிலோ என்றால் 210 மி.கி. கடையில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ளதும், 250 மி.கி. உள்ளதும் ஒரேமாதிரிப் பெட்டியில் கிடைக்கின்றன. முதலாவதில் ஏறக்குறைய எட்டரை மி.லி., இரண்டாவதில் நாலு மி.லி.யைச் சற்றுத் தாண்டும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அதைச் சிரப் என்று நினைத்து ஊற்றினால் அளவு நாலு மடங்குக்கு மேல் போய்விடும். பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளக்க வேண்டும், வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், சுடுநீர் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது நடக்கிறது.

ஒரு நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் கணவரின் சொட்டு மருந்து பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். அந்தச் சைலோமெட்டாசோலினைச் சிறு குழந்தை ஒன்றிரண்டு மி.லி. குடித்தாலே மயக்கம், நாடித்துடிப்பு குறைதல், மூச்சு மந்தமாதல் வரை போகலாம். குடித்துவிட்டாள் என்ற சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், தூங்குகிறாளே என்று பொறுக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பாட்டிலைப் பார்த்தால் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று மருத்துவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும்.